மூடிய கோப்புகளில் முப்பத்தேழு பேர்

அலுவலகத்தில் அவளுக்கு ஆணிவேர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எட்டு வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், "எந்தத் தகவலா இருந்தாலும் அதுக்கு ஒரு வேர் வேணும் சார்" என்று வெள்ளைப் பலகையில் ஒரு மரத்தை வரைந்து காட்டினாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவள் வரைந்தது மரம் மாதிரியே இல்லை, கவிழ்த்து வைத்த துடைப்பம் மாதிரி இருந்தது என்று, அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளை எடுத்துப் பேசும் போன்காரர் இன்றைக்கும் சொல்வார்.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்துக்கு மேலே அந்த அலுவலகம். காலை பத்து மணிக்கெல்லாம் கீழே இயந்திரங்கள் சூடாகித் தரை வெதுவெதுப்பாகிவிடும். மூன்று மேசைகள். ஒன்று ஆணிவேருக்கு, ஒன்று போன்காரருக்கு, மூன்றாவது எப்போதாவது வந்து உட்காரும் பெரிய டாக்டருக்கு. பார்க்கும் வேலையைச் சொல்வது எளிது. ஒருவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. மனைவி ஒன்றைத் தரத் தயார், ஆனால் பொருந்தவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியில் இதே கதியில் இன்னொரு ஜோடி. இவர் மனைவி அவருக்குத் தரட்டும், அவர் அண்ணன் இவருக்குத் தரட்டும். பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளில் இப்படித் தவித்துக்கொண்டிருக்கும் ஜோடிகளைத் தேடிக் கோத்துவிடுவதுதான் அவர்கள் வேலை.

தொடங்கியபோது, இந்த விவரங்களை எப்படிச் சேமிப்பது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. வெளியிலிருந்து வந்திருந்த ஒரு நிபுணர் அட்டவணைகள்தான் வேண்டும் என்றார். நோயாளிகளுக்கு ஓர் அட்டவணை, கொடையாளர்களுக்கு ஓர் அட்டவணை, யார் யாருக்குத் தர வந்தார் என்ற உறவுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று. ஆணிவேர் எக்ஸ்எம்எல்தான், மரம் மாதிரி வேரும் கிளையுமாக எழுதும் கோப்புகள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஓர் ஆஸ்பத்திரி ஐந்து பரிசோதனை செய்தால் இன்னொன்று பதினொன்று செய்யும். ஒரு டாக்டர் இரண்டு வரி எழுதினால் இன்னொருவர் இரண்டு பக்கம் எழுதுவார். இதையெல்லாம் கட்டம் போட்ட அட்டவணைக்குள் திணிக்க முடியாது. எக்ஸ்எம்எல்லில் நோயாளிக்கு ஒரு கோப்பு. அதற்குள் அவர் விவரம், அதற்குள் பரிசோதனைகள், டாக்டர் குறிப்புகள், அவருக்குத் தர வந்தவர், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிவிடும். திறந்தால் மேலிருந்து கீழே கதை மாதிரி படிக்கலாம்.

"டோனருக்குத் தனியா ஒரு இடம் வேணாமா மேடம்?" என்று நிபுணர் கேட்டார்.

"எதுக்கு? பேஷன்ட் இல்லாம அவங்க இங்க யாரு?" என்றாள் ஆணிவேர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நிபுணர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவள் வென்றாள். அந்த வெற்றிக்குப் போன்காரர் பிஸ்கெட் வாங்கிக் கொடுத்தார்.

ஐந்து வருடம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு அவளுடைய தம்பிக்கே சிறுநீரகம் போனது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவனுக்குத் தொழில். பக்கத்து இருக்கையில் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடி, ஊரில் பாதிப் பேருடைய பயத்தை அவன் தெளிய வைத்திருந்தான். கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் போன ஒரு வாரத்தில் எல்லாம் தலைகீழானது. அவன் ரத்தம் ஓ பிரிவு. அவள் ஏ. ஓ பிரிவுக்காரருக்கு ஓ பிரிவுக்காரர்தான் தர முடியும் என்பதை மற்றவர்களுக்கு ஆயிரம் முறை விளக்கியவள், அன்றைக்கு யாரோ தனக்கு விளக்கிச் சொல்ல மாட்டார்களா என்பது போல உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு அவளே ஒரு கோப்பைத் திறந்தாள். அதற்குள், அவனுக்குக் கீழே, கொடையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். மாதாமாதம் பொருத்தம் தேடும் கணினி நிரல் ஓடும். மாதாமாதம் அவன் பெயருக்கு எதிரே ஒன்றும் வராது.

மூன்று வருடம் இப்படியே போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில் ஊசி குத்தும் ரத்தக்குழாய் இரண்டு முறை அடைத்து, கடைசியில் அந்தக் கையே இனி உதவாது என்றாயிற்று. வலது கையும் போனால் கழுத்தில் குழாய் போடுவதுதான் மிச்சம். இதயமும் பலவீனப்பட்டிருந்தது. "இப்படியே போனா ஆறு மாசம். மிஞ்சிப் போனா எட்டு" என்று பெரிய டாக்டர் நடைபாதையில் நிறுத்திச் சொன்னார். அவள் சரி சார் என்றாள். வேறென்ன சொல்வாள், பாவி. படியிறங்கிச் சலவைக்கூடத்து வாசலில் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே நின்று அழுதுவிட்டு மேலே வந்தாள்.

அந்த வாரத்தில்தான் ஒரு பெண்மணி போன் செய்தார். பள்ளி வேன் ஓட்டுபவராம். போன்காரர் வழக்கம்போல நோயாளி பெயரைக் கேட்டுத் தட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் தவறிட்டாருன்னு இருக்கு. கோப்பை மூடியாச்சும்மா."

அந்த அம்மாளின் குரல் கணீரென்று அடுத்த மேசை வரை கேட்டது. "அவர் போயி ரெண்டு வருஷம் ஆச்சு, எனக்குத் தெரியாதா? அவர் கோப்பை மூடுங்க. என்னை ஏன் மூடினீங்க? யாருக்கு வேணும்னாலும் குடுக்கறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே. ஒருத்தரும் கூப்பிடவே இல்ல."

போன்காரர் ஆணிவேரைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அந்தக் கோப்பைத் தேடத் தொடங்கியிருந்தாள்.

நோயாளி இறந்தால் கோப்பை மூடி, மூடிய கோப்புகளின் பக்கம் நகர்த்துவது வழக்கம். கோப்பு நகர்ந்தால் அதற்குள் இருப்பதெல்லாம் சேர்ந்து நகரும். தர வந்தவரும் உள்ளேதான் இருக்கிறார். உயிரோடு, இரண்டு சிறுநீரகத்தோடு, தரத் தயாராக. எட்டு வருடமாக ஒவ்வொரு சாவின்போதும் உயிரோடு இருந்த ஒருவரையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நிரல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பார்க்க வேண்டாம் என்று எழுதியவளே அவள்தான்.

மதியச் சாப்பாட்டை மறந்து மூடிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். வயதானவர்களையும் உடல்நலம் கெட்டவர்களையும் கழித்தாள். என் ஆளுக்கு மட்டும்தான் தருவேன் என்று எழுதியிருந்தவர்களையும் கழித்தாள். முப்பத்தேழு பேர் மிஞ்சினார்கள். அவர்களில் ஆறு பேர் ஓ பிரிவு. அந்த வேன்காரம்மாவும் ஓ. ரத்தப் பிரிவு பொருந்தியும், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட கணவரின் உடம்பு அவருடையதை ஏற்க மறுத்திருந்தது.

பெரிய டாக்டரிடம் ஓடினாள். எல்லாவற்றையும் அட்டவணைக்கு மாற்ற வேண்டும், இப்போதே மாற்ற வேண்டும் என்றாள்.

"பன்னெண்டு ஆஸ்பத்திரி இதை நம்பி ஓடிட்டிருக்கும்மா. நடுவுல கை வைக்கக்கூடாது. அடுத்த வருஷக் கமிட்டியில வைப்போம்" என்றார் அவர். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "உன் தம்பி பேரும் பட்டியல்ல இருக்கு. அதுக்காகத்தான் மாத்தறேன்னு சொல்வாங்க" என்றார்.

"சொல்லட்டும் சார். அதுக்காகவும்தான்."

"அப்ப இன்னும் முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் வரை தம்பி தாங்க மாட்டான். ஆறு மாதம்தான் இருக்கிறது, மிஞ்சிப் போனால் எட்டு. வாழ்நாளில் குறுக்கு வழிப் பக்கமே போகாதவள் அன்றைக்குப் போனாள். ஓ பிரிவுக்காரர்கள் உள்ளே இருந்த ஆறு கோப்புகளை எடுத்து, 'மூடியது' என்ற சொல்லை அழித்துவிட்டுத் திறந்த கோப்புகளோடு போட்டாள். நிரலை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். ஆனால் மரத்தில் கிளையை மட்டும் தனியாக எழுப்ப முடியாது. கொடையாளர் திறந்தால் நோயாளியும் திறப்பார். ஆறு பேர் மறுபடி சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் ஆனார்கள். கோப்பு திறந்தவுடன் தானாகப் போகும் குறுஞ்செய்தியும் போயிற்று. வியாழன் காலை ரத்தப் பரிசோதனைக்கு வரவும், வெறும் வயிற்றில் வரவும்.

கால் மணி நேரத்தில் முதல் போன் வந்தது. ஓர் இளம்பெண். அப்பாவின் போனை இன்னமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாளாம்.

"அப்பா போயி பதினாலு மாசம் ஆகுது. சாப்பிடாம வரச் சொல்லியிருக்கீங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "வரச் சொல்லவா?"

போன்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஆணிவேர் அவரிடமிருந்து அதை வாங்கி, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னாள். எப்படி நடந்தது என்று விளக்கவும் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அந்தப் பெண் வைத்துவிட்டாள். ஆறு வீட்டுக்கும் அவளே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஒரு வீட்டில் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். முழுவதையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டாள். வேன்காரம்மா மட்டும், "இப்பவாவது தேடுறீங்களே" என்றார்.

மறுநாள் பெரிய டாக்டர் கூப்பிட்டபோது வேலை போய்விட்டது என்றே நினைத்து, மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டுத்தான் போனாள். அவர் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு எனக்கும் போன் பண்ணுச்சு" என்றார். "மூணு வாரம் தர்றேன். அட்டவணைக்கு மாத்து. ஆனா வரிசைப்படுத்துறது நீ இல்ல. வேற ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர் பார்ப்பார். யார் முன்னாடி, யார் பின்னாடின்னு நீ தொடக்கூடாது."

"தொட மாட்டேன் சார்."

மூன்று வாரத்தில் தன் மரத்தை வெட்டினாள். எட்டு வருடத்துக்கு முன் அந்த நிபுணர் சொன்ன அதே மூன்று அட்டவணைகள். நோயாளிக்கு எதிரே இறந்த தேதியை எழுதினால் அவருக்கும் கொடையாளருக்கும் உள்ள உறவு முடிந்தது என்று நடு அட்டவணையில் பதிவாகும். கொடையாளர் தன் அட்டவணையில் தன் வரிசையில் அப்படியே நிற்பார். டாக்டர்கள் பக்கம் பக்கமாக எழுதிய குறிப்புகளை மட்டும் உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பழைய எக்ஸ்எம்எல்லாகவே முழுசாக ஒரு கட்டத்துக்குள் வைத்துவிட்டாள். படிப்பதற்கு அதுதான் சரி. தேடுவதற்குத்தான் அது ஆகாது. இரண்டும் வேறு வேறு வேலை என்று புரிய எட்டு வருடமும் முப்பத்தேழு பேரும் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

கொடையாளர் அட்டவணையில் ஒரு கேள்விக்கான புதிய பத்தியும் சேர்த்தாள். தாங்கள் தர வந்தவர் உயிரோடு இல்லாத நிலையிலும் வேறொருவருக்குத் தர விருப்பமா? ஆம், இல்லை, கேட்கவில்லை. முப்பத்தேழு பேருக்கும் 'கேட்கவில்லை' என்று இருந்தது. அவளும் போன்காரரும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு கேட்டார்கள். அது கேட்கக்கூடிய கேள்வியே இல்லை. ஒருவர் அழுதார். ஒருவர், "என் பிள்ளைக்குக் கிடைக்காதது வேற யாருக்கும் கிடைக்க வேணாம்" என்றார். பதினோரு பேர் ஆம் என்றார்கள். ஓ பிரிவு ஆறு பேரில் இரண்டு பேர் ஆம். மற்ற நாலு பேரில் மூன்று பேர் சொன்னது ஒரே மாதிரி இருந்தது. அப்பவே கேட்டிருந்தால் தந்திருப்போம், இப்போது எங்களுக்கே உடம்பு சரியில்லை.

ஆம் என்ற இரண்டு பேரில் ஒருவருக்குப் பரிசோதனையில் சர்க்கரை தெரிந்தது. மிஞ்சியது வேன்காரம்மா ஒருவர்தான். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் வரிசையைப் பார்த்தார். ஓ பிரிவில் முதலில் நின்றவர் ஒரு முடிதிருத்துபவர், தம்பிக்குப் பதினோரு மாதம் முன்பிருந்தே காத்திருப்பவர். இரண்டாவது அவள் தம்பி. அந்தத் தாள் கைக்கு வந்தபோது அவள் முதல் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சாக வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். மறைப்பானேன், நினைத்தாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டயாலிசிஸ் அறைக்குப் போனாள்.

காலை வெயில் சன்னல் திரை வழியாக வரிவரியாக விழுந்திருந்தது. தம்பி வலது கையை நீட்டிப் படுத்திருந்தான். நாலு நாளாகச் சவரம் செய்யவில்லை. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் அளந்துதான் தருவார்கள்.

"என்னக்கா, மூஞ்சி தொங்குது. எனக்கு இல்லையா?"

"உனக்கு அடுத்ததுடா."

"அடுத்தது எப்ப வரும்?"

இயந்திரத்தின் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. வரும் வழியெல்லாம் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததை அப்போது சொல்லிவிட்டாள். வேன்காரம்மா இரண்டு வருடமாக எங்கே இருந்தார் என்று சொன்னாள். அப்போதே கேட்டிருந்தால் தந்திருப்போம் என்ற மூன்று பேரைச் சொன்னாள். முதல் கொடையாளர் முடிதிருத்துபவருக்குப் போயிருந்தாலும் இரண்டாவது கொடையாளர் அவனுக்கு வந்திருப்பார்.

"யாரு இப்படிப் பண்ணி வச்சது?" என்றான்.

"நான்தான்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கையைத் திருப்ப முடியாது, ஊசி இருந்தது. அவள் அந்தக் கையைத் தொடப் போனாள். "தொடாத" என்றான். தொடாமல் உட்கார்ந்திருந்தாள். செவிலி வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்துப் படுக்கையில் யாரோ குறட்டை விட்டார்கள். ஐம்பது நிமிடம் அப்படியே போயிற்று. அவளை அவன் மன்னிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எழுந்து போகச் சொல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

சுவரைப் பார்த்தபடியே பேசினான். "நான் போயிட்டா முன்னாடியெல்லாம் உன்னையும் சேர்த்து மூடியிருப்பாங்க, இல்ல?"

"ஆமா."

"இப்ப?"

"இப்ப நான் தனியா நிப்பேன்."

"அந்தக் கேள்விய உன்கிட்டயும் கேப்பாங்களா?"

"கேப்பாங்க. அப்பறம்."

"எனக்கு அப்பறம் வேணாம்." முகத்தைத் திருப்பினான். கண் சிவந்திருந்தது. "இப்பச் சொல்லு. நான் கேக்கணும்."

"சும்மா இருடா. அதைச் சொன்னா நீ போயிடுவேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"நான் எப்பவோ ஒத்துக்கிட்டேன். உனக்குத்தான் ஆகல." மூச்சு வாங்கினான். "முப்பத்தேழு பேர்கிட்ட கேட்டியே. அவங்கல்லாம் எப்படிச் சொன்னாங்க?"

அவள் எழுந்து வாசல் வரை போனாள். திரும்பி வந்தாள். போனை எடுத்து அலுவலகத்துக்கு அடித்தாள். போன்காரர் எடுத்தவுடன், "சார், என் வரிசையில அந்தப் பத்தியில ஆம்னு போட்டுடுங்க" என்றாள்.

"கேள்விய முழுசாப் படிக்காம பதில் வாங்கக்கூடாதுன்னு நீங்கதானே மேடம் விதி போட்டீங்க" என்றார் அவர்.

"படிங்க."

தம்பி நடுவில் நுழைந்தான். "ஸ்பீக்கர்ல போடுக்கா."

போட்டாள். போன்காரர் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். தாங்கள் தர வந்தவர் உயிரோடு இல்லாத நிலையிலும். அந்த இடத்தில் நிறுத்தி, மேலே படித்தார். எதிரே படுத்திருந்தவன் கண் கொட்டாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆம்" என்றாள். முதல் தடவை சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னாள்.